போன் கால்குலேட்டரில் பின்னம் போட்டால் விடை ஏன் மாறுகிறது? (83 இன்ச் 5 நூல் கணக்கு)

#1 எழில்

வணக்கம். அப்பாவுக்குத் தச்சு வேலை. அளவெடுப்பது, அறுப்பது, இழைப்பது எல்லாம் அவர் பாடு. கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவது மட்டும் என் பொறுப்பு.

இப்போது ஒரு சுவர் அலமாரி. உள் உயரம் 83 இன்ச் 5 நூல். நடுவில் நான்கு தட்டு, ஒவ்வொன்றும் முக்கால் இன்ச் பிளைவுட். ஆக ஐந்து அறை. ஐந்தும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒரு அறைக்கு எத்தனை இன்ச், எத்தனை நூல்?

(நூல் தெரியாதவர்களுக்கு: இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். 5 நூல் என்றால் 5/8 இன்ச்.)

என் போனில் இப்படி அடித்தேன்:

83+5÷8−4×3÷4÷5

விடை 83.025. அலமாரியே 83 சொச்சம், ஒரு அறை எப்படி 83 வரும்? பட்டறையில் ஒரு பழைய பட்டன் கால்குலேட்டர் கிடக்கிறது. அதில் அதே பட்டன்களை அதே வரிசையில் அழுத்தினால் 1.05 என்கிறது.

இரண்டுமே தப்பு என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஆளுக்கொரு விடை ஏன்? போனில் பின்னத்துக்கென்று தனி பட்டன் எங்காவது ஒளிந்திருக்கிறதா? மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் கோடு என்று போட முடிந்தால் போதும்.

#2 அரைவேக்காடு

83.025 இன்ச்சில் ஐந்து அறை என்றால் அலமாரி முப்பத்து நாலரை அடிக்கு மேல் போகும். அப்பா தேர் செய்கிறாரா?

#3 பூஜ்யம்

எழில், இரண்டு கருவியும் தன் தன் முறைப்படி சரியாகத்தான் போட்டிருக்கின்றன. முறைதான் வேறு.

போன் பள்ளிக்கூட விதிப்படி போகும்: பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் அப்புறம். நீங்கள் அடித்ததை அது மூன்று துண்டாகப் பார்க்கிறது. 83 ஒரு துண்டு. 5÷8, அதாவது 0.625, இன்னொன்று. 4×3÷4÷5 மூன்றாவது, அது 12 ஆகி, 3 ஆகி, கடைசியில் 0.6 ஆகிறது. 83.625−0.6 = 83.025. கடைசியில் போட்ட ÷5 தட்டுகளின் கனத்தை மட்டும்தான் வகுத்தது. அலமாரி உயரத்தை அது தொடவே இல்லை.

பட்டறை கால்குலேட்டர் அப்படியெல்லாம் யோசிக்காது. கைக்கு வந்ததை வந்த வரிசையில் முடிக்கும். 83+5 = 88. ÷8 = 11. −4 = 7. ×3 = 21. ÷4 = 5.25. ÷5 = 1.05.

போனில் இப்படிப் போடுங்கள்:

(83+5÷8−4×3÷4)÷5 = 16.125

தனி பட்டன் பற்றி: கூகுள், சாம்சங், ஐபோன் மூன்றிலும் போனோடு வரும் கால்குலேட்டரில் பின்னப் பட்டன் கிடையாது. ÷ குறியைத்தான் பின்னக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தாளில் எழுதும் பின்னக்கோடு மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்துக் கட்டிப்போடும், ÷ கட்டாது. 6 இன்ச்சில் எத்தனை அரை இன்ச் என்று பார்க்க 6÷1÷2 என்று அடித்தால் 3 வரும். 6÷(1÷2) என்று அடித்தால்தான் 12. கூட்டலில் வரும் பின்னத்துக்கு அடைப்புக்குறி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பெருக்கல், வகுத்தல், கழித்தல் பக்கத்தில் கலப்புப் பின்னம் வந்தால் அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும்.

#4 உளிச்சத்தம்

தம்பி, இதற்கு அடைப்புக்குறியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் நூலாக்கிவிடு.

83×8 = 664. கூட 5. ஆக 669 நூல். முக்கால் இன்ச் என்பது 6 நூல், நாலு தட்டுக்கு 24. 669−24 = 645. ஐந்தால் வகுத்தால் 129 நூல். 129-ல் எட்டு பதினாறு தரம் போகும், மீதி 1. பதினாறு இன்ச் ஒரு நூல், அவ்வளவுதான்.

இதில் பின்னமே வரவில்லை பார். எந்தக் கால்குலேட்டரில் போட்டாலும் ஒரே விடைதான். அப்பாவிடம் கேட்டிருந்தால் நீ போனைத் திறப்பதற்குள் வாயாலேயே சொல்லியிருப்பார்.

#5 எழில்

பூஜ்யம் சார், உளிச்சத்தம் அண்ணே, இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது. 0.125 என்பது எட்டில் ஒன்று, அதுவரை புரிந்தது.

இரண்டு சந்தேகம். ஒன்று, விடை இவ்வளவு சுத்தமாக வராமல் 16.158 என்று வந்தால் அதை நூலாக எப்படி மாற்றுவது? இன்னொன்று, என் போனில் ( ) என்று ஒரே பட்டன்தான் இருக்கிறது. எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பிடிபடவில்லை. தங்கையின் ஐபோனில் அதுவும் இல்லை.

#6 பூஜ்யம்

முதல் சந்தேகம்: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்து 8-ஆல் பெருக்குங்கள். 0.158×8 = 1.264. ஒன்றேகால் நூல். டேப்பில் பதினாறில் பங்கு கோடு இருந்தால் 16-ஆல் பெருக்கலாம்: 2.5 கோடு.

எந்தப் பகுதியில் பின்னம் வேண்டும் என்பதைக் கால்குலேட்டர் முடிவு செய்யாது. கையில் இருக்கும் டேப்தான் முடிவு செய்யும். 0.158-ஐத் துல்லியமான பின்னமாக எழுதினால் 79/500. அதை வைத்துக்கொண்டு உளியை எங்கே வைப்பீர்கள்?

இரண்டாவது: அந்த ஒற்றைப் பட்டன் கூகுளிலும் சாம்சங்கிலும் இருப்பது. ÷ மாதிரி ஒரு குறிக்குப் பின்னால் அழுத்தினால் திறக்கும். திறந்த குறி இருக்கும்போது எண்ணுக்குப் பின்னால் அழுத்தினால் மூடும். அடிக்க அடிக்கக் கீழே சின்ன எழுத்தில் விடை ஓடிக்கொண்டே வரும், அதில் ஒரு கண் இருக்கட்டும். திடீரென்று அது தாறுமாறாகக் குதித்தால் அடைப்புக்குறி எங்கோ தவறான இடத்தில் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஐபோனில் சாதாரணத் திரையில் அடைப்புக்குறி கிடையாது. போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அறிவியல் கால்குலேட்டர் வரும் (திரைச் சுழற்சிப் பூட்டு போட்டிருந்தால் வராது). ஐஓஎஸ் 18 முதல் திருப்பாமலே ஒரு பட்டனில் மாற்றிக்கொள்ளலாம், அடித்த கணக்கு முழுவதும் திரையில் தெரியவும் செய்யும். அதற்கு முந்தைய பதிப்புகளில் கடைசியாக அடித்த எண் மட்டும்தான் தெரியும். பின்னக் கணக்குக்கு அது பெரிய தொல்லை.

அடைப்புக்குறியே இல்லாமல் முடிக்கவும் வழி உண்டு. 83+5÷8−4×3÷4 வரை அடித்து = அழுத்துங்கள். 80.625 வரும். அப்புறம் ÷5.

#7 அரைவேக்காடு

பட்டன் கால்குலேட்டருக்கும் ஒரு வழி இருக்கிறது, எங்கள் கடையில் இப்படித்தான் போடுவோம். பின்னத்தை முதலில் வை, முழு எண்ணை அப்புறம் சேர். நாலு தட்டின் கனம் மொத்தம் 3 இன்ச். 5÷8+83−3÷5 = என்று அழுத்தினால் அதில் 16.125 வரும். வரிசையாகப் போகிற மெஷினுக்கு இது வசதி. அதையே போனில் அடித்துவிட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள். போனில் பழையபடி 83.025-தான்.

#8 கணக்கு டீச்சர்

நல்ல இழை. நான் அரசுப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் அம்மா போனில் சரிபார்த்துக்கொண்டு வருகிறார்கள். அதை நான் தடுப்பதில்லை. பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பது அவர்களுக்கே தெரியும்.

போன வாரம் வந்த கணக்கு: இரண்டு ஒன்றின் கீழ் மூன்றை, ஒன்று மூன்றின் கீழ் நான்கால் வகு. அதாவது 2⅓ ÷ 1¾. பையன் கையால் போட்டது சரி: 7/3 ÷ 7/4 = 4/3. ஆனால் வீட்டில் போனில் 2+1÷3÷1+3÷4 என்று அடித்து 3.0833 வந்ததும், சரியாகப் போட்ட விடையை அழித்துவிட்டு வந்திருக்கிறான். போன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை! (2+1÷3)÷(1+3÷4) என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

என் கேள்வி அடுத்த படி. அப்படி அடித்தால் 1.3333333 வருகிறது. அது 4/3 என்பது எனக்குத் தெரிகிறது, பழகிய எண். ஆனால் 0.4285714 என்று வந்தால் பிள்ளைகள் அதை எப்படிப் பின்னமாகத் திருப்புவார்கள்? போனை வைத்தே முடியுமா?

#9 பூஜ்யம்

முடியும் டீச்சர். அறிவியல் பகுதியில் தலைகீழாக்கும் பட்டன் ஒன்று இருக்கும், ஒன்றின் கீழ் எக்ஸ் என்று. இல்லாவிட்டால் 1÷ என்று அடித்துக்கொள்ளலாம்.

0.4285714-ஐத் தலைகீழாக்கினால் 2.3333335 வரும். முழு எண் 2-ஐக் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள். மீதி 0.3333335. அதைத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய 3. ஒரு முழு எண் வந்துவிட்டதால் இங்கே நிறுத்தலாம்.

இனி பின்னாலிருந்து ஏற வேண்டும். 2 + 1/3 = 7/3. அதைத் தலைகீழாக்கினால் 3/7. விடை அதுதான்: 3÷7 அடித்துப் பாருங்கள், 0.428571428…

ஒரு எச்சரிக்கை. திரையில் இருக்கும் எல்லா இலக்கத்தையும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். 0.33 என்று வெட்டிவிட்டால் தலைகீழில் 3.0303 வரும், அது 3-தானா இல்லையா என்று தவிக்க வேண்டியிருக்கும். விடையை மறுபடி கையால் அடிக்காமல் திரையில் இருப்பதிலேயே தொடர்வது நல்லது.

#10 கணக்கு டீச்சர்

அருமை. இதை ஏழாம் வகுப்புக்கு ஒரு விளையாட்டாகக் கொடுக்கப் போகிறேன். ஆளுக்கொரு பின்னத்தை மனதில் நினைத்து, தசமத்தை மட்டும் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்; அவன் பின்னத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கூடவே ஒன்று. எந்தப் பின்னம் தசமத்தில் முடிந்துவிடும், எது முடியாமல் ஓடும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சுருக்கிய பின் பகுதியில் 2, 5 இரண்டும் தவிர வேறு பகா எண் இல்லையென்றால் முடிந்துவிடும். எழில் அப்பாவின் நூல் கணக்கு எப்போதும் சுத்தமாக முடிவது அதனால்தான். 8 என்பது 2×2×2. மூன்றால், ஆறால், ஏழால் பங்கு போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

#11 உளிச்சத்தம்

டீச்சர் சொன்னதைத்தான் எங்கள் ஆட்கள் பாட்டாக மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு நூல் .125, ரெண்டு நூல் .25, மூணு நூல் .375, நாலு .5, அஞ்சு .625, ஆறு .75, ஏழு .875. இந்த ஏழும் மனதில் இருந்தால் 5÷8 என்று அடிக்கிற வேலையே இல்லை. நேரே 83.625 போடு.

மரக்கடையிலும் அப்படித்தான். 7 அடி நீளம், 4 இன்ச் அகலம், இரண்டரை இன்ச் கனம் உள்ள கட்டை எத்தனை கன அடி? 7×4×2.5÷144 = 0.486. இரண்டரையை 2+1÷2 என்று நடுவில் செருகினால் 56 கன அடி என்று சொல்லும். அந்தக் காசுக்கு வீட்டுக் கதவு மொத்தமும் வாங்கலாம்.

#12 பட்டாசிட்டா

நான் நிலம் அளக்கிற பக்கத்து ஆள். நூல் கணக்கைவிட எங்களிடம் பெரிய வம்பு புள்ளிதான். 60 அடி நீள மனையின் முகப்பு 40 அடி 11 இன்ச் என்றால் எல்லோரும் 40.11 என்று எழுதுகிறார்கள். எழுதுவதோடு விட்டால் பரவாயில்லை, அப்படியே போனிலும் அடிக்கிறார்கள்.

40.11×60 = 2406.6 சதுர அடி.
(40+11÷12)×60 = 2455 சதுர அடி.

வித்தியாசம் 48.4 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு காணாமல் போகிறது. இன்றைக்கு ஊர்ப்பக்கம் சென்ட் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும்.

40 அடி 9 இன்ச்சாக இருந்தால் எதிர்ப்பக்கம் போகும். 40.9 என்று அடித்தால் 2454, உண்மை 2445. 9 சதுர அடி கூடுதலாகக் காசு கொடுக்கிறோம். விற்பவருக்கு லாபமா வாங்குபவருக்கு லாபமா என்பது இன்ச்சைப் பொறுத்தது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, புள்ளி செய்கிறது. எழில், நீங்களும் 83 இன்ச் 5 நூலை 83.5 என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். அது 83 இன்ச் 4 நூல்.

#13 எழில்

அண்ணே, அப்பா கைப்பட எழுதும் சீட்டில் 83.5 என்றுதான் இருக்கும்! அவருக்கு அது 5 நூல். இதுவரை நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதால் தப்பித்தது. இனி 83-5 என்று நடுவில் கோடு போடச் சொல்கிறேன்.

#14 கோவை கட்டர்

மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன். எல்லோரும் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை: இன்ச்சையும் நூலையும் விட்டொழியுங்கள். மில்லிமீட்டரில் பின்னமே இல்லை, அடைப்புக்குறிச் சண்டையும் இல்லை.

83 இன்ச் 5 நூல் = 83.625×25.4 = 2124 மி.மீ. பிளைவுட் 18 மி.மீ, நான்கு தட்டு 72. 2124−72 = 2052. ஐந்தால் வகுத்தால் 410.4. டேப்பில் 410 வைத்து வெட்ட வேண்டியதுதான்.

அப்புறம் ஒன்று. 410.4 மி.மீ என்பது 16.157 இன்ச். உங்கள் விடை 16.125. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று யாருமே கேட்கவில்லையே?

#15 பூஜ்யம்

நியாயமான கேள்வி. முக்கால் இன்ச் என்பது 19.05 மி.மீ. 18 மி.மீ பலகையை முக்கால் என்று சொல்லி விற்கிறார்கள், நாமும் 6 நூல் என்று போட்டுவிட்டோம். உண்மையில் அது 5.67 நூல். கணக்கு சரி, உள்ளே போட்ட அளவுதான் பெயரளவு.

#16 உளிச்சத்தம்

இதைச் சொல்லத்தான் வந்தேன், கோவைத் தம்பி முந்திக்கொண்டார். ஆனால் அவரும் பாதிதான் சொன்னார். மைக்கா எங்கே? தட்டுக்கு மேலும் கீழும் ஒரு மில்லி மைக்கா ஒட்டினால் 18, 20 ஆகிவிடும். நான்கு தட்டுக்கு 80. 2124−80 = 2044, ஐந்தால் வகுத்தால் 408.8. இன்ச்சில் 16.09, அதாவது பதினாறு இன்ச் முக்கால் நூல். பசை கனம் வேறு.

ஆக எழில், ஒரே அலமாரிக்கு மூன்று விடை ஆயிற்று. பெயரளவு முக்காலுக்கு 16 இன்ச் 1 நூல். வெறும் 18 மில்லிக்கு 16 இன்ச் ஒன்றேகால் நூல். மைக்காவோடு 16 இன்ச் முக்கால் நூல். எது வேண்டும் என்று போன் சொல்லாது. பலகைத் துண்டை வைத்துக் கனத்தை அளந்துவிட்டு வா, அப்புறம் அடைப்புக்குறியைப் பற்றிப் பேசலாம்.

மில்லிமீட்டர் விஷயம்: வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலகை 8க்கு 4 அடி என்றுதான் வருகிறது. வீட்டுக்காரர் "ரெண்டரை அடி அகலம் வைங்க" என்றுதான் சொல்கிறார். டேப்பில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், ஒரு பக்கம் இன்ச். இரண்டு பக்கமும் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை.

#17 கோவை கட்டர்

அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிளேடு தின்பதை எந்தக் கட்சியில் இருந்தாலும் கழிக்க வேண்டும். எங்கள் மெஷினில் ஒரு வெட்டுக்கு 3 மில்லிக்குப் பக்கம் போகும், உங்கள் பாஷையில் கிட்டத்தட்ட ஒரு நூல். 96 இன்ச் பலகையில் 16 இன்ச் துண்டு ஆறு வரும் என்று 96÷16 போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஐந்து வெட்டுக்கு ஐந்து நூல் போனால் ஆறாவது துண்டு 15 இன்ச் 3 நூல்தான்.

#18 நாகைக்கரை

பொறியியல் படித்த எல்லோர் வீட்டிலும் கேசியோ 991எம்எஸ் ஒன்று தூசி படிந்து கிடக்கும். அதை எடுங்கள். அதில் ஏ பி/சி என்று ஒரு பட்டன் உண்டு. 83, அந்தப் பட்டன், 5, அந்தப் பட்டன், 8 என்று அழுத்தினால் 83⌟5⌟8 என்று நிற்கும். அதற்கு அது ஒரே எண். அதனால் 6÷1⌟2 போட்டால் நேரே 12 வரும். விடையும் 16⌟1⌟8 என்று பின்னமாகவே கிடைக்கும். அதே பட்டனை மறுபடி அழுத்தினால் தசமம். முழு எண், மேல் எண், கீழ் எண், நடுவில் உள்ள குறிகள் எல்லாம் சேர்ந்து பத்து இடத்தைத் தாண்டினால் மட்டும் தசமத்துக்குத் தாவிவிடும். தச்சு வேலைக்கு அவ்வளவு தேவைப்படாது.

போனில்தான் வேண்டும் என்றால் பின்னப் பட்டன் உள்ள கால்குலேட்டர் செயலிகள் நிறையக் கிடைக்கின்றன. ஜியோஜீப்ராவின் சிஏஎஸ் (கணினி இயற்கணிதம்) பகுதியில் 2/3+1/4 என்று போட்டால் 11/12 என்றே சொல்லும். உல்ஃப்ராம் ஆல்ஃபா தளத்திலும் அப்படியே. செயலி இறக்குமுன் விளம்பரம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் = அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ரம்மி விளம்பரம்.

#19 பூஜ்யம்

கூகுள் கால்குலேட்டரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பின்னப் பட்டன் இல்லையே தவிர, உள்ளே அது எண்ணைத் தேவையான துல்லியத்துக்குக் கணக்கிடும்படி எழுதப்பட்டது. ஹான்ஸ் போம் என்ற கணினி அறிஞர் அதைச் செய்தார், அதைப் பற்றி 2017-ல் ஒரு கட்டுரையும் எழுதினார். 10-ன் அடுக்கு 100-உடன் 1 கூட்டி, அதிலிருந்து மறுபடி 10-ன் அடுக்கு 100-ஐக் கழித்துப் பாருங்கள். அதில் 1 என்று சரியாக வரும். பல கால்குலேட்டர்களில் 0 வரும்.

நூல் கணக்குக்கு இது தேவையா என்றால் இல்லை. சும்மா சொன்னேன்.

#20 அரைவேக்காடு

எங்கள் கடை பில் எக்செல்லில். ஒரு கட்டத்தில் 1/2 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடுகிறது. அரை கிலோ பருப்பு வாங்கியவருக்கு ஒரு தேதியைக் காட்டி என்ன செய்ய?

#21 நாகைக்கரை

0 அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 1/2 அடியுங்கள். பின்னமாக எடுத்துக்கொள்ளும். ஒன்றரை என்றால் 1, இடைவெளி, 1/2. அப்புறம் கட்டத்தின் வடிவமைப்பில் பின்னம் என்ற வகைக்குள் போனால் எட்டில் பங்காகக் காட்டு, பதினாறில் பங்காகக் காட்டு என்று தேர்வுகள் உண்டு. எழிலுக்கு எட்டில் பங்கு பொருத்தம், 16.158 போட்டாலும் 16 1/8 என்று அருகில் உள்ள நூலுக்குத் திருத்திக் காட்டும். உள்ளே உண்மை எண் அப்படியே இருக்கும்.

#22 பட்டாசிட்டா

கொஞ்சம் தடம் மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். பழைய ஓலைக் கணக்கில் இந்தத் தொல்லையே இல்லை. அரைக்கால், மாகாணி, ஒருமா, காணி, முந்திரி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிக் குறி. முந்திரி 320-ல் ஒன்று. 320-ஐ 64×5 என்று பிரித்துப் பாருங்கள்: கால், அரைக்கால், மாகாணி வழியும் இறங்கும், ஐந்தில் பங்கு வழியும் இறங்கும். 20-ல் ஒன்றான மாவும் 16-ல் ஒன்றான மாகாணியும் ஒரே கணக்கில் மீதமில்லாமல் சேர்ந்தது அதனால்தான். ஒருமாவுக்கு 16 முந்திரி, மாகாணிக்கு 20 முந்திரி.

உளிச்சத்தம் அண்ணன் எல்லாவற்றையும் நூலாக்கியது இதே வழிதான். கணக்கப்பிள்ளை முந்திரியாக்கினார், இவர் நூலாக்குகிறார்.

#23 கணக்கு டீச்சர்

அந்தக் குறிகள் 2019-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்டுவிட்டன, தமிழ் இணைப்பு என்ற தொகுதியில். பெரும்பாலான போன்களில் எழுத்துரு இல்லாமல் கட்டமாகத்தான் தெரியும், அது வேறு கதை.

#24 எழில்

இன்று பலகையைக் கையில் எடுத்து அளந்தோம். 18 என்று அச்சடித்த பலகை மைக்கா ஒட்டிய பிறகு 20-க்கு ஒரு மயிரிழை கூட. அப்பா 16 இன்ச் முக்கால் நூலை ஒப்புக்கொண்டார். அதாவது "பதினாறு வை, மேல் அறையில் மிச்சத்தை விடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார். நான்கு அறைக்கும் முக்கால் நூல் விட்டால் மேல் அறை மற்ற அறைகளைவிட மூன்றேமுக்கால் நூல் கூடும். கிட்டத்தட்ட அரை இன்ச். அந்த அறையில் போர்வை வைக்கப் போகிறார்கள், தெரியாது என்கிறார்.

கடைசியாக ஒரு சின்ன உதவி. வாட்ஸ்அப்பில் ½, ¾ என்று ஒட்டிய எழுத்தாக அனுப்புகிறார்களே, அது எங்கே இருக்கிறது?

#25 பூஜ்யம்

கூகுள் கீபோர்டில் எண் பக்கத்துக்குப் போய் 1-ஐ அழுத்திப் பிடியுங்கள். ½, ⅓, ¼, ⅛ வரும். 3-ஐப் பிடித்தால் ¾, ⅜. அது படிப்பதற்கான எழுத்து மட்டும்தான். கணக்குப் போட வேண்டுமானால் 3÷4 என்றோ .75 என்றோதான் அடிக்க வேண்டும்.

#26 உளிச்சத்தம்

தம்பி, ஆளுக்கு அனுப்பும்போது 16-¾ என்று அனுப்பாதே. அவர் பதினாறே முக்கால் இன்ச் வெட்டிவிடுவார். "16 இன்ச், முக்கால் நூல்" என்று எழுத்தில் அனுப்பு. மேல் அறை விஷயத்தில் அப்பா சொல்வதே சரி.

#27 புதுவரவு

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். 27-க்குக் கனமூலம் பார்க்க 27^1÷3 என்று அடித்தால் 9 வருகிறதே, 3 வரவில்லை?

#28 கணக்கு டீச்சர்

அடுக்குதான் எல்லாவற்றுக்கும் முதலில் நடக்கும். 27^1 = 27, அப்புறம் ÷3, ஆக 9. 27^(1÷3) என்று அடியுங்கள் தம்பி.

#29 புதுவரவு

வந்துவிட்டது டீச்சர், 3.